நகலைத் திருத்தும் நொதிகள்: நோய் எதிர்ப்பில் ஆர்.என்.ஏ திருத்தத்தின் பங்கு

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடத்தையும் உடல்நலம், நோய்கள் பற்றிய பாடத்தையும் நடத்தும்போது மாணவர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் தவறாமல் வருகின்றன. முதலாவது: "டி.என்.ஏ.வுல எழுத்து மாறினாதான் புரதம் மாறுமா, டீச்சர்?" இரண்டாவது, எய்ட்ஸ் பற்றிப் பேசும்போது வரும்: "எச்.ஐ.வி.யை எதிர்க்க நம்ம உடம்புல ஒண்ணுமே இல்லையா?" இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் கிடைக்கிறது. நம் செல்களுக்குள் மரபுச் செய்தியின் எழுத்துகளைத் திருத்தும் நொதிகள் சில இருக்கின்றன. அவை சரியாக வேலை செய்தால் நோயிலிருந்து காக்கின்றன. தவறினால் அவையே நோய்க்குக் காரணமாகின்றன. பாடநூலில் இவற்றுக்கு இடம் குறைவு. ஆனால் பாடநூலில் உள்ள பல செய்திகளை இவை நன்கு விளங்க வைக்கும் என்பதால் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

மூலமும் நகலும்

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்ற ஆசிரியர்களுக்கு ஓலைச்சுவடிகளின் கதை தெரிந்திருக்கும். பழைய ஏடு நைந்துபோகுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவார்கள். எழுதுபவர் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் பாடபேதம் தோன்றும். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்துப் பதிப்பித்ததற்குக் காரணம் இதுதான்.

செல்லிலும் இப்படி ஒரு மூலமும் நகலும் உண்டு. உட்கருவில் உள்ள டி.என்.ஏ மூலச்சுவடி. அது உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. தேவையான பகுதி மட்டும் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு வெளியே செல்கிறது. ரைபோசோம் அந்த நகலை மூன்று மூன்று எழுத்துகளாகப் படித்து அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குகிறது. இந்த ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார் என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

மூலத்தில் உள்ளது அப்படியே நகலில் இருக்கும், நகலில் உள்ளதே புரதமாகும் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 1986இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ராப் பென்னேயும் அவருடைய குழுவினரும் டிரிப்பனோசோம் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியை ஆராய்ந்தபோது, டி.என்.ஏ.வில் இல்லாத நான்கு யுராசில் எழுத்துகள் ஆர்.என்.ஏ.வில் இருப்பதைக் கண்டனர். நகல் எடுத்த பிறகு யாரோ அதில் எழுத்துகளைச் சேர்த்திருக்கிறார்கள்! இதற்கு 'ஆர்.என்.ஏ திருத்தம்' என்று பெயரிட்டார்கள்.

அடுத்த ஆண்டே மனித உடலில் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் அப்போ-பி என்ற புரதம் கல்லீரலில் 4536 அமினோ அமிலங்கள் நீளமுள்ளது. குடலில் அதே மரபணுவிலிருந்து உருவாகும் புரதமோ 2152 அமினோ அமிலங்களோடு நின்றுவிடுகிறது. மரபணு ஒன்றுதான். குடல் செல்லில் மட்டும் தூது ஆர்.என்.ஏ.வில் உள்ள 'சி-ஏ-ஏ' என்னும் கோடான் 'யு-ஏ-ஏ' என்று திருத்தப்படுகிறது. முன்னது குளுட்டமின் என்ற அமினோ அமிலத்துக்கான குறி, பின்னது நிறுத்தக்குறி. வாக்கியத்தின் நடுவே முற்றுப்புள்ளி வைத்ததுபோல் புரதம் பாதியில் முடிகிறது. இது பிழையன்று. குடலில் உணவுக் கொழுப்பைச் சுமக்க அந்தக் குட்டைப் புரதமே ஏற்றது.

இருவகைத் திருத்தங்கள்

நம் உடலில் முதன்மையாக இரண்டு வகைத் திருத்தங்கள் நடக்கின்றன. இரண்டிலும் வேதிவினை ஒன்றுதான்: எழுத்திலிருந்து ஓர் அமினோ தொகுதி நீக்கப்படுகிறது.

முதல் வகையில் அடினோசின் (ஏ) இனோசினாக (ஐ) மாறுகிறது. ரைபோசோம் இனோசினைக் குவானோசின் (ஜி) என்றே படிக்கும். இந்த வேலையைச் செய்யும் நொதிகளுக்கு 'அடார்' என்று பெயர். இரட்டை இழையாக இருக்கும் ஆர்.என்.ஏ.வை மட்டுமே இவை திருத்தும். இரண்டாவது வகையில் சைட்டிடின் (சி) யுரிடினாக (யு) மாறுகிறது. மேலே சொன்ன அப்போ-பி திருத்தம் இவ்வகை. அதைச் செய்யும் நொதியும் அதன் உறவு நொதிகளும் சேர்ந்த குடும்பம் 'அப்போபெக்' எனப்படுகிறது. நம் வயல்களில் நிற்கும் நெற்பயிரின் பசுங்கணிகத்திலும் சி எழுத்து யு ஆகத் திருத்தப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் டெல்டா மாணவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். ஆனால் பயிரில் இந்த வேலையைச் செய்வது வேறு புரதக் குடும்பம்.

ஓர் எழுத்துத் திருத்தம் எவ்வளவு பெரியது என்பதற்கு மூளையிலிருந்து ஒரு சான்று. நரம்பு செல்களில் குளுட்டமேட் ஏற்பியின் ஒரு பகுதியில் 'சி-ஏ-ஜி' என்ற கோடான் உள்ளது. அடார்-2 நொதி நடு எழுத்தைத் திருத்த, 'சி-ஜி-ஜி' என்று படிக்கப்பட்டு குளுட்டமினுக்குப் பதில் ஆர்ஜினின் அமர்கிறது. இதனால் கால்சியம் அயனிகள் அளவுக்கு மீறிச் செல்லுக்குள் நுழைவது தடுக்கப்படுகிறது. அடார்-2 இல்லாத எலிக்குட்டிகள் வலிப்பு வந்து சில வாரங்களில் இறந்துவிடுகின்றன.

நம்மவரா, அயலவரா?

நோய் எதிர்ப்பில் இந்த நொதிகளின் பங்கு எங்கே வருகிறது? பல வைரஸ்கள் செல்லுக்குள் பெருகும்போது நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ உருவாகிறது. ஆரோக்கியமான செல்லில் அத்தகைய ஆர்.என்.ஏ அதிகம் இருப்பதில்லை. எனவே இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கண்டாலே 'அயலவர் புகுந்துவிட்டார்' என்று எச்சரிக்கும் காவல் புரதங்கள் நம் செல்லில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று எம்.டி.ஏ-5. அது எச்சரித்தவுடன் இன்டர்ஃபெரான் சுரந்து, பக்கத்துச் செல்களும் எதிர்ப்புக்கு ஆயத்தமாகின்றன. வைரஸ் காய்ச்சலில் வரும் உடல்வலியிலும் சோர்விலும் இந்த இன்டர்ஃபெரானுக்குப் பங்கு உண்டு.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நம் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு 'அலு' எனப்படும் ஒரேமாதிரித் தொடர்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாக இவை சிதறிக் கிடக்கின்றன. எதிரெதிர்த் திசையில் அமைந்த இரண்டு அலுக்கள் ஒரே ஆர்.என்.ஏ.வில் படியெடுக்கப்பட்டால் அவை ஒன்றோடொன்று பிணைந்து இரட்டை இழையாகிவிடும். அதாவது நம் சொந்த ஆர்.என்.ஏ.வே வைரஸ் போலத் தோற்றமளிக்கும். வீட்டுக்காரரையே பார்த்துக் குரைக்கும் காவல் நாயின் நிலைதான் அப்போது காவல் புரதத்துக்கு.

இதைத் தடுப்பது அடார்-1. இரட்டை இழையில் ஆங்காங்கே ஏ எழுத்தை ஐ ஆக மாற்றுகிறது. ஏ-யு இணை நன்றாகப் பொருந்தும். ஐ-யு இணை அவ்வளவாகப் பொருந்தாது. இழை அங்கங்கே தளர்ந்துவிடுவதால் எம்.டி.ஏ-5 அதை அயலவர் என்று எடுத்துக்கொள்வதில்லை. 'இவர் நம்மவர்' என்று நெற்றியில் இடப்பட்ட அடையாளம் என்று மாணவர்களுக்குச் சொல்லலாம். இன்டர்ஃபெரான் சுரந்தால் அடார்-1இன் ஒரு வடிவம் கூடுதலாக உருவாகிறது. எச்சரிக்கை ஒலிக்கும்போதே அதை அடக்கி வைக்கும் ஏற்பாடும் தொடங்கிவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. அடார்-1 இல்லாத எலிக்கருக்கள் தாயின் வயிற்றிலேயே இறந்துவிடும். ஆனால் அடார்-1உடன் எம்.டி.ஏ-5 அல்லது அதன் செய்தியைக் கடத்தும் புரதத்தையும் சேர்த்து நீக்கினால் கரு பிறக்கும் வரை பிழைக்கிறது என்று 2014, 2015ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. கருவைக் கொன்றது திருத்தம் இல்லாமை மட்டுமல்ல. திருத்தம் இல்லாததால் தன்மேலேயே பாய்ந்த நோய் எதிர்ப்பு.

திருத்தம் தவறினால்

1984இல் ழான் ஐக்கார்டி, பிரான்சுவாஸ் குத்தியேர் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் எட்டுக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பிறந்த சில மாதங்களிலேயே ஓயாத அழுகை, தொற்று இல்லாத காய்ச்சல், கற்ற அசைவுகளை இழத்தல், மூளையில் சுண்ணாம்புப் படிவு. பார்ப்பதற்குக் கருவிலேயே வைரஸ் தொற்றியது போல இருக்கும். தேடினால் வைரஸ் இருக்காது. பிற்காலத்தில் இந்தக் குழந்தைகளிடம் இன்டர்ஃபெரான் மிகுந்திருப்பது தெரிந்தது. இதற்குக் காரணமான மரபணுக்கள் பல. அவற்றில் அடார்-1உம் ஒன்று என்பது 2012இல் உறுதியானது. வைரஸ் இல்லாமலேயே வைரஸை எதிர்த்துப் போரிடும் உடல் என்று இதைச் சொல்லலாம்.

இந்நோய் மிக அரிது. ஆனாலும் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இதன் பெரும்பாலான வகைகள் ஒடுங்கு பண்பாக வருபவை; தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வெளிப்படும். உறவுக்குள் திருமணம் செய்யும்போது இருவரும் அதே பழுதான பிரதியைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகள், அத்தை மகன் உறவுமுறை இன்றும் வழக்கில் உள்ள நம் பகுதியில், பதின்வயது மாணவர்களுக்கு ஒடுங்கு பண்பை விளக்கும் ஆசிரியர் உண்மையில் அவர்களின் நாளைய குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறார். குற்றம் சுமத்தாமல், கணக்காக மட்டும் சொன்னாலே போதும். நெருங்கிய உறவில் திருமணம் முடிவாகும் முன் மரபியல் ஆலோசனை பெறலாம் என்ற செய்தி வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இதே அடார்-1 மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் பழுது இருந்தால் வேறொரு நிலை ஏற்படக்கூடும். புறங்கையிலும் புறங்காலிலும் கருமையும் வெளிர்நிறமுமான சிறு புள்ளிகள் கலந்து தோன்றும். ஜப்பானியக் குடும்பங்களில் இதற்குக் காரணம் அடார்-1 என்று 2003இல் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே இது தொடங்குகிறது. பொதுவாக உடல்நலத்துக்கு வேறு கேடு செய்வதில்லை. தொற்றுவதும் இல்லை. ஒரே மரபணு, பழுதின் வகையும் எண்ணிக்கையும் மாற, ஒரு குழந்தைக்குத் தோலில் புள்ளி, இன்னொரு குழந்தைக்கு மூளையில் பாதிப்பு. தோலில் எந்த வகைத் திட்டு இருந்தாலும் பக்கத்தில் உட்கார மறுக்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. "இது ஒட்டிக்காது" என்று முதலில் சொல்ல வேண்டியவர் வகுப்பாசிரியர். எது என்று மருத்துவரிடம் காட்டச் சொல்லிப் பெற்றோரிடம் பேச வேண்டியவரும் அவரே.

எச்.ஐ.வி.யும் நம் உடலின் ஆயுதமும்

ஆர்.என்.ஏ திருத்தம் கண்டறியப்பட்ட அதே 1986இல்தான் இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பது முதன்முதலில் கண்டறியப்பட்டது. அது நடந்தது நம் மாநிலத்தில். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனும் அவருடைய முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இரத்த மாதிரிகளைத் திரட்டினர். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. சிலவற்றில் எச்.ஐ.வி.க்கான எதிர்ப்பொருள் இருந்தது. இந்நாட்டில் இந்நோய் வராது என்று பலர் நம்பியிருந்த காலம் அது. சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2015இல் இறக்கும் வரை நோயாளிகளுக்காகப் பணியாற்றினார்.

எச்.ஐ.வி.யை எதிர்க்க நம் உடலில் ஒன்றுமே இல்லையா என்ற கேள்விக்கு 2002இல் ஒரு விடை கிடைத்தது. மைக்கேல் மாலிம் குழுவினர் மனிதச் செல்லில் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் ஒரு புரதத்தைக் கண்டறிந்தனர். அது அப்போபெக் குடும்பத்தைச் சேர்ந்த அப்போபெக்-3ஜி. அது செயல்படும் விதம் வியப்பானது. செல்லில் புதிய வைரஸ் துகள்கள் உருவாகும்போது இந்த நொதி அவற்றுக்குள் ஏறி அமர்ந்துகொள்கிறது. அந்தத் துகள் அடுத்த செல்லுக்குள் நுழைந்து, தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் வேளையில், புதிய டி.என்.ஏ இழையில் உள்ள சி எழுத்துகளை வரிசையாக யு ஆக்கிவிடுகிறது. வைரஸின் செய்தி படிக்க முடியாதபடி சிதைந்துபோகிறது. இங்கே நொதி திருத்துவது ஆர்.என்.ஏ.வை அல்ல, டி.என்.ஏ.வை என்பதை மாணவர்களுக்குக் குறிப்பிட வேண்டும். குடும்பம் ஒன்று; வேலை செய்யும் இடம் வேறு.

அப்படியானால் எச்.ஐ.வி எப்படி வெல்கிறது? அதனிடம் 'விஃப்' என்றொரு புரதம் இருக்கிறது. அது அப்போபெக்-3ஜியைப் பிடித்து, செல்லின் கழிவுப் புரதங்களை அழிக்கும் அமைப்பிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் அப்போபெக்-3ஜியை எச்.ஐ.வி.யின் விஃப் பிடிக்க முடிவதில்லை. காரணம், 128ஆம் இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமில வேறுபாடு. மனிதனில் அந்த இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம். அந்தக் குரங்கில் லைசின். ஆகவே நம் மாணவர்களிடம் சொல்ல வேண்டியது இதுதான்: நம் உடலில் ஆயுதம் இருக்கிறது, அதைப் பறிக்கும் உத்தியை வைரஸ் வைத்திருக்கிறது.

அந்த இடைவெளியைத்தான் மருந்து நிரப்புகிறது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகத் தரப்படுகிறது. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை இத்திட்டம் தொடங்கிய முதல் மையங்களுள் ஒன்று. மருந்தை விடாமல் உண்பவர் மற்றவர்களைப் போலவே படிக்கலாம், உழைக்கலாம், நீண்ட நாள் வாழலாம். இந்நோயைக் காரணம் காட்டிப் பள்ளியில் எந்தக் குழந்தையையும் வேறுபடுத்துவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது. ஒருவரின் நோய்நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதையும் அச்சட்டம் தடுக்கிறது. நாம் அறிந்திருக்க வேண்டிய சட்டம் இது.

இருபுறமும் கூரான கத்தி

அப்போபெக் குடும்பத்தின் இன்னொரு உறவினரை ஜப்பானின் தசுக்கு ஹொன்ஜோ குழுவினர் 1999இல் கண்டறிந்தனர். ஏ.ஐ.டி எனப்படும் இந்நொதி பி-செல்களில் எதிர்ப்பொருள் மரபணுவின் டி.என்.ஏ.வையே மாற்றி, கிருமிக்கு மேலும் பொருத்தமான எதிர்ப்பொருள் உருவாக வழிசெய்கிறது. தடுப்பூசியின் அடுத்த தவணைக்குப் பின் எதிர்ப்பாற்றல் கூர்மையடைவதில் இதற்குப் பங்குண்டு. இந்நொதி பழுதான குழந்தைகளுக்கு ஐ.ஜி.எம் வகை எதிர்ப்பொருள் மட்டும் மிகுந்து, ஐ.ஜி.ஜி, ஐ.ஜி.ஏ வகைகள் குறைந்து, தொற்றுகள் திரும்பத் திரும்ப வரும்.

எழுத்தை மாற்றும் ஆற்றல் தவறான இடத்தில் பாய்ந்தால் புற்றுநோய்க்கும் வழியாகும். கருப்பைவாய், சிறுநீர்ப்பை, மார்பகப் புற்றுக்கட்டிகள் பலவற்றின் டி.என்.ஏ.வில் அப்போபெக் விட்டுச்சென்ற சுவடுகள் காணப்படுகின்றன. சில புற்றுசெல்களோ அடார்-1ஐ மிகுதியாக உருவாக்கி, நோய் எதிர்ப்புச் செல்களின் கண்ணில் படாமல் தப்புகின்றன. அதனால் அடார்-1ஐ அடக்கும் மருந்துகளைத் தேடும் ஆய்வுகள் நடந்துவருகின்றன.

திருத்தத்தையே மருந்தாக்கும் முயற்சியும் தொடங்கிவிட்டது. ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் குறைபாடு நுரையீரலையும் கல்லீரலையும் பாதிக்கும் பரம்பரை நோய். பெரும்பாலானோருக்கு 'ஜி-ஏ-ஜி' என்றிருக்க வேண்டிய கோடான் 'ஏ-ஏ-ஜி' என்று மாறியிருப்பதே காரணம். பிழையான இடத்துக்கு அடார் நொதியை வழிகாட்டி அழைத்துச் செல்லும் சிறிய ஆர்.என்.ஏ துண்டைச் செலுத்தினால், முதல் ஏ ஐ ஆக மாறி ஜி என்று படிக்கப்படும். இம்முறையில் மனிதர்களில் திருத்தம் நடந்ததை 2024இல் முதன்முறையாக அறிவித்தார்கள். டி.என்.ஏ தொடப்படுவதில்லை, மருந்தை நிறுத்தினால் திருத்தமும் நின்றுவிடும். இந்தப் பாதுகாப்பே இம்முறையின் சிறப்பு.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஒரு பாடவேளையில் முடிக்கக்கூடிய செயல்பாடு ஒன்றை என் வகுப்பில் செய்துவருகிறேன். கோடான் அட்டவணையும் காகிதப் பட்டையும் பென்சிலும் போதும். பட்டையில் இவ்வாறு எழுதச் சொல்லுங்கள்: ஏ-யு-ஜி, ஜி-சி-யு, சி-ஏ-ஏ, ஜி-ஜி-ஏ, யு-ஏ-ஏ.

1. திருத்தாமல் படித்தால்: மெத்தியோனின், அலனின், குளுட்டமின், கிளைசின், நிறுத்தம்.

2. முதல் குழு அப்போபெக். மூன்றாவது கோடானில் சி எழுத்தை யு ஆக்கட்டும். அங்கேயே நிறுத்தம் வந்து, இரண்டு அமினோ அமிலங்களோடு புரதம் முடியும்.

3. இரண்டாவது குழு அடார். அதே கோடானின் நடு ஏ எழுத்தை ஐ ஆக்கி, ஜி என்று படிக்கட்டும். குளுட்டமின் இருந்த இடத்தில் ஆர்ஜினின் வரும்.

4. மூன்றாவது குழுவுக்குச் சவால்: கடைசி நிறுத்தக்குறியின் இரண்டு ஏ எழுத்துகளையும் திருத்தினால் என்ன ஆகும்? யு-ஜி-ஜி, அதாவது டிரிப்டோஃபேன். புரதம் நிற்காமல் நீளும். ஹெபடைடிஸ்-டி வைரஸ் இதுபோன்ற உத்தியைத்தான் கையாள்கிறது. அதன் 'யு-ஏ-ஜி' நிறுத்தக்குறியை நம் அடார்-1ஐக் கொண்டே 'யு-ஜி-ஜி' ஆக்கி, தனக்குத் தேவையான நீண்ட புரதத்தைப் பெற்றுக்கொள்கிறது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கோடானுக்குப் பதில் தமிழ்ச் சொற்களை எடுத்துக்கொள்ளலாம். 'கடல்' என்பதில் ஒரு குறி சேர்த்தால் 'குடல்'. 'படம்' 'பாடம்' ஆகும். மூலப் புத்தகத்தில் எழுத்து மாறவில்லை, நம் நகலில் மட்டும் மாறியது என்பதை அழுத்திச் சொன்னால் போதும். மேல் வகுப்பில் டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் வரும்போது கருத்து எளிதில் பதியும்.

செயல்பாட்டின் முடிவில் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: பட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு மூலத்திலிருந்து புதிய நகல் எடுத்தால் அதில் திருத்தம் இருக்குமா? இருக்காது என்று பிள்ளைகள் தாமே சொல்வார்கள். சடுதிமாற்றத்துக்கும் ஆர்.என்.ஏ திருத்தத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு விடையிலேயே அடங்கியிருக்கிறது.